அணைத்தலைவிக்கு ஒரு குரல்

எங்கள் வீட்டில் தொலைக்காட்சிக்கு அடியில் ஓடும் எழுத்தை வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அப்பா கிள்ளான் துறைமுகத்தில் லோரிகளுக்குச் சரக்கு ஏற்றுகிறார். அம்மா ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் பாத்திரம் கழுவுகிறார். சின்ன வயதில் இருவருக்கும் பிறப்புப் பத்திரம் இல்லை. அது இல்லாததால் எந்தப் பள்ளியும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எனக்கு மட்டும் எல்லாப் பத்திரமும் இருக்க வேண்டும் என்று அலைந்து வாங்கிவைத்தார்கள். நான் வாசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. சீனப் படமோ ஆங்கிலப் படமோ, எது ஓடினாலும் நான் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கீழே ஓடுகிற மலாய் எழுத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். திரையில் இருப்பவர் வாயை மூடுவதற்குள் நானும் முடித்துவிட வேண்டும். தாமதித்தால் அடுத்த வரி போய்விடும், அப்பா திரும்பிப் பார்ப்பார்.

பிறகு பல்கலைக்கழகத்துக்குப் போனேன், ஊடகம் படித்தேன், பட்டமளிப்பு அங்கியோடு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டேன். கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுகிற இடத்தில் அந்தப் படத்தை மாட்டச் சொன்னதும் நான்தான். ஆனால் என் தொழிலை நான் கற்றது அந்த வீட்டுச் சிமெண்டுத் தரையில். இப்போது அதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்கிறேன்.

நான் வேலை செய்யும் டப்பிங் ஸ்டூடியோ பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. படி ஏறும்போது மல்லிகை வாசம், கதவைத் திறந்தால் பழைய மெத்தை வாசம். சத்தம் உள்ளே வராமலிருக்கச் சுவரெல்லாம் மெத்தை அடித்திருக்கிறார்கள். அப்படியும் ரயில் போகும்போது நிறுத்திவிட்டுத்தான் பேச வேண்டும். தமிழ் வசனம் எழுதுவது என் வேலை. பதிவு நடக்கும்போது பக்கத்தில் நின்று, திரையில் உதடு ஒட்டுகிற இடத்தில் நம் சொல்லிலும் உதடு ஒட்டுகிறதா என்று பார்ப்பதும் என் வேலை.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு பெரிய தொடர் வந்தது. ஒரு வீடியோ கேமைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்திருந்தார்கள். உலகம் முழுக்கக் குடிதண்ணீர் கெட்டுப்போய், நகரங்கள் காலியாகி, மிச்சமிருப்பவர்கள் நல்ல தண்ணீரைத் தேடி அலைகிற கதை. அதில் இரண்டு கூட்டங்கள். ஒரு கூட்டத்தார் ஒரு மலை அணையைக் கைப்பற்றிச் சுற்றிலும் மதில் எழுப்பி உள்ளே இருக்கிறார்கள். உள்ளே எல்லாருக்கும் அளந்துதான் தண்ணீர். மதிலுக்கு வெளியே நின்று எவ்வளவு கெஞ்சினாலும் கதவு திறக்காது. இன்னொரு கூட்டத்தார் ஆற்றோரம் சுற்றுகிறவர்கள். இரவில் வந்து குழாயை உடைத்துத் தண்ணீரை எடுத்துப்போய் வழியில் கேட்பவர்களுக்கெல்லாம் கொடுக்கிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டு கூட்டத்துக்கும் நீளமான பெயர்கள். நான் அணைக்காரர்கள், ஆற்றுக்காரர்கள் என்று வைத்தேன். அப்பா காதில் ஒரு தடவை விழுந்தால் போதும், மறக்காது.

எங்கள் ஸ்டூடியோவில் பதிவுக்கு முன்னால் கேட்கப்படும் முதல் கேள்வி, ஆள் நல்லவரா கெட்டவரா என்பதுதான். நல்லவருக்கு லேசான குரல், கெட்டவருக்குக் கனமான குரல். ஒலிப்பதிவு செய்கிறவர் தம் கணினியில் இரண்டுக்கும் தனித்தனியாக அளவு வைத்திருந்தார். கெட்ட குரலுக்கு அடியில் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஓர் எதிரொலி தானாகவே சேர்ந்துவிடும்.

அந்த எதிரொலியோடே பல வருடம் வாழ்ந்தவர் எங்கள் குரல் கலைஞர் அக்கா. ஆண்களைப் போல அடியிலிருந்து வரும் குரல் அவருக்கு. அதனால் கொடுமைக்கார மாமியார், சூனியக்காரி, நகையைத் திருடும் சித்தி எல்லாம் அவர்தான். பாசாரில் வாயைத் திறந்து மீன் விலை கேட்டால், "ஓ, நீங்கதானா அது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்களாம். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

தொடரின் முதல் பதிவு நாளிலும் அக்கா வந்ததும் அதைத்தான் கேட்டார். "என் ஆளு நல்லவளா கெட்டவளா? அதச் சொல்லுங்க முதல்ல. கெட்டவன்னா ஐஸ் கோப்பி, நல்லவன்னா இஞ்சித் தண்ணி. தொண்டையை அதுக்குத் தக்க ரெடி பண்ணணும்."

"இஞ்சித் தண்ணி எப்பக்கா குடிச்சீங்க?" என்றேன்.

"இன்னும் குடிக்கல லா. வேளை வரட்டும்."

அவருக்குக் கொடுத்திருந்தது அணைக்காரர்களின் தலைவி வேடம். தொலைக்காட்சி நிலையத்தார் தொடரை ஒரே தடவையில் அனுப்பவில்லை. கதை வெளியே கசிந்துவிடும் என்று சில பகுதிகளை மட்டும் கடவுச்சொல் போட்டுப் பூட்டி அனுப்பினார்கள். முதல் பகுதிகளில் அணைத்தலைவி மதில்மேல் நின்று வெளியே நிற்பவர்களைப் பார்த்து, எல்லாருக்கும் தர முடியாது என்கிறாள். கதவு மூடுகிறது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். நான் ஒலிப்பதிவாளரைப் பார்த்தேன், ஏனென்றால் கேமை விளையாடியவர் அவர் ஒருவர்தான்.

"இதுல என்ன சந்தேகம் டீச்சர்?" என்றார் அவர். நான் எல்லாருடைய தமிழையும் திருத்துவதால் எனக்கு அந்தப் பெயர். "அவதான் கடைசி வில்லி. நானே அவளை மூணு தடவை முடிச்சிருக்கேன்."

"பாவம், என்னையா?" என்றார் அக்கா.

"உங்களைத்தான்க்கா. ராக்கெட் விட்டு."

அக்கா ஐஸ் கோப்பி வாங்கிவரச் சொன்னார். எதிரொலி சேர்ந்தது. நானும் அதற்குத் தக்க எழுதினேன். அணைத்தலைவி சிரிக்காத இடத்தில்கூட அக்கா மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு சேர்த்தார். எங்கள் எல்லாருக்கும் அது மிகவும் பிடித்திருந்தது. ஆற்றுக்காரர்களின் தலைவனுக்குக் இன்சூரன்ஸ் காப்புறுதி விற்கும் ஒரு நண்பரைப் போட்டோம். அவர் பேசினால் யாராயிருந்தாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், அப்படி ஒரு தேன் குரல்.

கூட்டத்தின் சத்தத்துக்குத்தான் ஆள் போதாது. அதற்கு ஸ்டூடியோ முதலாளி, கணக்கெழுதும் பெண், நான், கீழே பூக்கட்டும் அண்ணன், அவருடைய மனைவி என்று எல்லாரும் ஒலிவாங்கியைச் சுற்றி நிற்போம். காலையில் மதிலுக்கு வெளியே நின்று, கதவைத் திற, பிள்ளை சாகுது என்று கத்துவோம். மதியம் சாப்பிட்டு வந்து மதிலுக்கு உள்ளே நின்று, கதவைத் திறக்காதே, உள்ளே இருக்கிறவர்களுக்கே போதாது என்று கத்துவோம். இரண்டுக்கும் ஒரே தொண்டைகள்தான். பூக்கார அண்ணன் ஒரு நாள் இடையில் நிறுத்திக் கேட்டார். "தங்கச்சி, இப்ப நான் உள்ளயா வெளியயா?"

"உள்ள அண்ணே."

"அப்பச் சரி. உள்ள இருந்தா நானும் திறக்க மாட்டேன்."

ஐந்தாவது பகுதி வந்தபோது எல்லாம் தலைகீழாகிவிட்டது. அதை நான்தான் முதலில் பார்த்தேன், மத்தியானச் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு. ஆற்றுக்காரர்கள் தண்ணீரை இலவசமாகக் கொடுப்பது உண்மைதான். ஆனால் தண்ணீர் வாங்கிய ஒவ்வொரு வீட்டிலிருந்தும் துப்பாக்கி தூக்குகிற வயதில் ஒரு பிள்ளையைக் கூட்டிப்போகிறார்கள். அந்தத் தேன் குரல்காரன் தாய்மாரின் கையைப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே கேட்கிறான். அணைக்குள் எந்தப் பிள்ளையும் துப்பாக்கியைத் தொட்டதில்லை. முன்பு ஒரு தடவை அணைத்தலைவி இரக்கப்பட்டுக் கதவைத் திறந்திருக்கிறாள். உள்ளே வந்தவர்களோடு நோயும் வந்து, அணைக்குள் பாதிப்பேர் செத்துப்போனார்கள், அவளுடைய மகள் உட்பட. இப்போதும் அவள் கதவைத் திறப்பதில்லை, வெளியே ஜனங்கள் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவள் தன் அறைக்குப் போய், தன் பங்குத் தண்ணீரில் ஒரு கை அள்ளி முகம் கழுவிவிட்டு அழுகிறாள். கதை அவளை நல்லவள் என்று சொல்லவில்லை. கெட்டவள் என்றும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் தமிழில் அவள் நான்கு பகுதியாகக் கிணற்றுக்குள்ளிருந்து மூக்கால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒலிப்பதிவாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. "கேம்ல இப்படி இல்லையே."

"நீங்க எந்தப் பக்கம் விளையாடினீங்க?"

"ஆற்றுப் பக்கம். பாதியில கேக்கும், எந்தப் பக்கம்னு. நாமதான் தேர்ந்தெடுக்கணும்."

"மூணு தடவையும் அதே பக்கமா?"

"அங்கதான் டீச்சர் நல்ல துப்பாக்கி கிடைக்கும்."

அன்று வீட்டுக்குப் போய் முதல் தடவையாக அணைப் பக்கம் நின்று விளையாடிவிட்டு வந்தார். மறுநாள், அந்தப் பக்கம் போனால் கதையே வேறு என்று மட்டும் சொன்னார். அவர் ராக்கெட் விட்ட அதே மதிலைக் காப்பதற்காக அன்று மாலை முழுக்கச் செலவழித்திருக்கிறார். தோற்றுப்போனாராம்.

அக்காவிடம் அழுகிற காட்சியைப் பற்றிச் சொன்னபோது அவருக்கு அந்தக் குழப்பம் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. "எனக்கு அழுற சீன் வந்திருக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார். "நான் மத்தவங்களைத்தான் அழ வச்சிருக்கேன். நெசமாத்தான் சொல்றீங்களா?" வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும் என்று அப்போதே படிக்கட்டுக்குப் போய்ப் போன் போட்டார்.

இரண்டு நாள் கழித்து முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நிலையத்தார் ஐந்தாம் பகுதியோடு முன்னால் நாங்கள் அனுப்பியதையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அணைத்தலைவியின் குரல் பொருந்தவில்லை, ஆளை மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். கதாநாயகிகளுக்குப் பேசுகிற ஒரு பெண்மணி பங்சாரில் இருக்கிறார். அவரைத் திங்கட்கிழமை மத்தியானம் வரச்சொல்லியாகிவிட்டது.

"அக்காவுக்குத் தெரியுமா அங்கிள்?"

"அதுக்குத்தான்மா உன்னைக் கூப்பிட்டேன். நீ படிச்ச பொண்ணு. பக்குவமாச் சொல்லுவ."

படித்த பெண் என்று யாராவது சொன்னால் எனக்கு எப்போதும் உள்ளுக்குள் கொஞ்சம் நிமிரும். அன்று நிமிரவில்லை. அழுகிற காட்சிக்காக அக்கா அத்தனை நாள் காத்திருந்ததையும், அதை நாங்களே அவர் கையில் கொடுத்துவிட்டுப் பிடுங்கப்போவதையும் எந்தப் பக்குவத்தில் சொல்வது? அவருக்குத் தப்பான குரலைக் கொடுத்தது நாங்கள்தானே.

போன் போட்டேன், எடுக்கவில்லை. சனிக்கிழமை காலை நேரில் போய்விடலாம் என்று கிளம்பினேன். அக்காவின் வீடு ஷா ஆலம் பக்கம் ஓர் அடுக்குமாடியில். கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் கொஞ்ச தூரம்தான். அந்த வாரம் அந்த வட்டாரம் முழுக்க நீர் விநியோகம் நின்றிருந்தது. எங்கேயோ பெரிய குழாய் உடைந்துவிட்டதாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. எல்லார் வீட்டுக் குளியலறையிலும் மூடிபோட்ட பெரிய வாளி ஒன்று நிரந்தரமாக நிற்கும்.

அடுக்குமாடிக்குக் கீழே தண்ணீர் லோரி நின்றது. அதன் பின்னால் வாளி, டப்பா, குழந்தையைக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் தொட்டி என்று நீளமான வரிசை. லோரிக்குழாய்க்குப் பக்கத்தில், பூப்போட்ட சட்டையோடு, ஒரு கையில் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றது அக்காதான்.

"ஒரு வீட்டுக்கு ரெண்டு வாளி. கேட்டுச்சா? பின்னால நிக்கிறவங்களுக்குக் கேட்டுச்சா?"

"அக்கா, எங்க வீட்ல ஆறு பேரு" என்றார் ஒருவர்.

"தெரியும் அண்ணே. அதுல ரெண்டு பேரு கடையில தங்குறான், ஒருத்தன் செமினியில மாமியார் வீட்ல இருக்கான். ரெண்டு வாளி."

"மாமியார் வீட்ல இருக்கிறதுகூட உங்களுக்குத் தெரியுமா?"

"அவன் பொண்டாட்டிதான் சொல்லிச்சு. நகருங்க, தண்ணி வழியுது."

கைக்குழந்தையோடு நின்ற ஒரு மலாய் அம்மாவைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவந்து நிரப்பிவிட்டார். யாரோ முணுமுணுத்தார்கள். அக்கா திரும்பிப் பார்த்தார், முணுமுணுப்பு நின்றது. பிறகு பக்கத்து பிளாக்கிலிருந்து இரண்டு இளைஞர்கள் ஒரு பெரிய டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

"உங்க பிளாக்குக்கு அடுத்த லோரி வரும்" என்றார் அக்கா.

"எப்ப ஆன்டி?"

"வரும் தம்பி. போய் உங்க பக்கம் நில்லுங்க."

அவர்கள் போய்விட்டார்கள். அந்தக் குரலில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. அடியிலிருந்துதான் வந்தது, ஆனால் கிணறு இல்லை. அந்தப் பையன்களுக்கு அது தண்ணீரும் தரவில்லை, வாயைத் திறக்க இடமும் தரவில்லை. அதே குரல் மறுநிமிடம் ஒரு கிழவரிடம், "நீங்க வாளியைத் தூக்காதீங்க தாத்தா, பையனை அனுப்புறேன்" என்றது. நான் வரிசையின் ஓரத்தில் நின்று, வந்த காரியத்தை மறந்து, கேட்டுக்கொண்டேயிருந்தேன்.

லோரி காலியானதும் அக்கா என்னைப் பார்த்துவிட்டார். இருவரும் படியில் உட்கார்ந்தோம்.

"அடுத்த லோரி எப்பக்கா வரும்?"

"இன்னிக்கு வராது. டிரைவரைக் கேட்டுட்டேன்." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். "அதச் சொன்னா அவங்க போவாங்களா? அந்த டிரம்மை ரொப்பினா எங்க மேல்மாடியில நாலு வீட்டுக்கு இல்ல."

"உங்க வீட்டுக்கு?"

"என் வாளி முதல்லயே ரொம்பிருச்சு. அதையெல்லாம் கேக்கக் கூடாது லா." சிரித்தார். பிறகு, "நீங்க எதுக்கு இவ்வளவு தூரம்?" என்றார்.

பக்குவம் எதுவும் வரவில்லை. நேராகவே சொன்னேன்.

"அழுற சீன் யாருக்கு?"

"பங்சார் அக்காவுக்கு."

"அவங்க நல்லா அழுவாங்க" என்றார். "எப்பப் பாரு அழுதுட்டுதானே இருக்காங்க." சொல்லிவிட்டு உள்ளங்கையில் ஒட்டியிருந்த ரப்பர் குழாயின் அழுக்கைத் தேய்த்து எடுத்தார். "நீங்க சொன்னதும் வீட்டுக்காரர்கிட்ட, அவரு தங்கச்சிகிட்ட எல்லாம் சொல்லிட்டேன். அதுதான் கொஞ்சம்."

அப்போதுதான் சொன்னேன். "திங்கட்கிழமை மத்தியானம்தான் அவங்க வர்றாங்க. நீங்க காலையிலயே வாங்க."

"வந்து?"

"இப்ப இங்க பேசினீங்கல்ல, அதையே அங்க பேசுங்க. ஐஸ் கோப்பி வேணாம்."

"இஞ்சித் தண்ணி?"

"அதுவும் வேணாம்."

"அப்ப எதைக் குடிக்கிறது?"

"பச்சைத் தண்ணி. அதான் முதல்லயே ரொப்பிட்டீங்களே."

திங்கட்கிழமை நான் முதல் ரயிலில் போனேன். முதலாளியிடம் எதுவும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. ஒலிப்பதிவாளரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவர் கணினியைத் திறந்து, கெட்ட குரல் என்று பெயர் வைத்திருந்த அளவை எடுத்துவிட்டார். நல்ல குரலையும் போடவில்லை. ஒன்றும் இல்லாமல் வெறும் ஒலிவாங்கி.

அக்கா வந்து மதில்மேல் நிற்கிற காட்சியைப் பேசினார். பல வருடப் பழக்கம் விடுமா? மூக்குச் சிரிப்பு தானாக வந்தது. நிறுத்தினேன். மறுபடி பேசினார், இப்போது சிரிப்புக்குப் பதில் பக்திப் படத்து அம்மாவின் குழைவு. ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்குப் பின்னால் தலையில் கை வைத்தார்.

"என்னால முடியல டீச்சர்" என்றார் அக்கா. அவரும் அன்று என்னை அப்படிக் கூப்பிட்டார். "அங்க ஆளுங்க முன்னால நின்னாங்க. இங்க சுவத்துல மெத்தைதான் நிக்குது."

டப்பிங்கில் ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் பேசுவார்கள். கூட்டத்தைத் தனியாக எடுத்துப் பிறகு சேர்ப்பதுதான் முறை. அன்று அந்த முறையை விட்டேன். கீழே ஓடிப்போய்ப் பூக்கார அண்ணனையும் அவர் மனைவியையும் கூட்டிவந்தேன், கணக்கெழுதும் பெண்ணையும் இழுத்தேன். எல்லாரும் பதிவறைக்குள் அக்காவுக்கு எதிரே வரிசையாக நின்றோம். அண்ணன் கையில் பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிற வாளி அப்படியே இருந்தது.

"அண்ணே, அத வெளிய வச்சுட்டு வாங்க" என்றேன்.

"இருக்கட்டும்" என்றார் அக்கா.

ஒலிப்பதிவாளர் கை காட்டினார். நாங்கள் கெஞ்சினோம். அண்ணனுக்கு உற்சாகம் வந்துவிட்டது, என் வசனத்தில் இல்லாததையெல்லாம் சேர்த்தார். "தாயே, வீட்ல பிள்ளைங்க இருக்கு, கொஞ்சம் பார்த்துச் செய்ங்க." அக்கா அவருடைய வாளியைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் தர முடியாது என்றார். அவ்வளவுதான். குரல் உயரவில்லை. அண்ணன் தன்னையறியாமல் ஓர் அடி பின்னால் போனார். எனக்கு அந்தப் பக்கத்து பிளாக் பையன்கள் டிரம்மை உருட்டிக்கொண்டு திரும்பியது நினைவுக்கு வந்தது. திரையில் அணைத்தலைவியின் உதடும் அக்காவின் உதடும் ஒரே நேரத்தில் மூடின.

அழுகிற காட்சிக்கு எல்லாரையும் வெளியே அனுப்பினோம். அக்கா என்னைக் கேட்டார். "எப்படி அழணும்?"

"யாருக்கும் கேக்கக் கூடாது. பக்கத்து ரூம்ல அவளை நம்பி ஆளுங்க தூங்குறாங்க."

அவர் விளக்கைக் குறைக்கச் சொன்னார். திரையில் அவள் முகம் கழுவினாள். அக்கா சத்தமே போடவில்லை. மூச்சு மட்டும் இரண்டு இடத்தில் தடுக்கியது, ஒரு தடவை இருமலை அடக்கினார். காட்சி முடிந்து திரை இருண்ட பிறகும் ஒலிப்பதிவாளர் நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தார். ரயில் வந்து, அந்தச் சத்தமும் பதிவாகி, அதற்குப் பிறகுதான் நிறுத்தும் பொத்தானுக்கு அவர் கை போனது.

"இவங்களையா நான் ராக்கெட்டால அடிச்சேன்" என்றார்.

அந்தக் காட்சிகளை நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, அதற்கப்புறம்தான் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்பட்டார், பிறகு கேட்டுப் பார்த்தார், பிறகு கோபத்தைத் தொடரலாமா என்று தெரியாமல் எல்லாருக்கும் நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கிவரச் சொன்னார். பங்சார் பெண்மணிக்குப் போன் போட்டு, பதிவறையில் கொஞ்சம் வேலை இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்றார். அக்கா படியில் போய் உட்கார்ந்துகொண்டார். பூக்கார அண்ணன் ஒரு முழம் மல்லிகையைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டுப் போனார். அதை அவர் தலையில் வைக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

மாலையில்தான் பதில் வந்தது. முதலாளி படியில் இறங்கிவந்து, வேண்டுமென்றே தொண்டையைச் செருமினார். "ஓக்கேயாம். இதே குரல் போதுமாம். ஆனா மொத நாலு பகுதியையும் திரும்பப் பேசணுமாம்."

"மொத நாலுமா?" என்றார் ஒலிப்பதிவாளர்.

"மூணு தடவை சுட்டீங்கல்ல" என்றார் அக்கா. "அனுபவிங்க." பிறகுதான் பூவைத் தலையில் வைத்தார்.

திரும்பப் பேசும்போது நானும் என் வசனங்களைத் திருத்தினேன். ஆற்றுத்தலைவனுக்குப் பேசிய நண்பரையும் கூப்பிட்டோம். அவர் குரலை நாங்கள் மாற்றவில்லை. பிள்ளைகளைக் கேட்கும்போதும் அதே தேனோடு பேசச் சொன்னோம். அப்படிச் சொன்னதும் அவர் சிரித்தார். "அது எனக்கு வரும். நான் வீடு வீடாப் போறவன்தானே."

தொடர் தொலைக்காட்சியில் வந்தது. ஐந்தாம் பகுதியின் மறுஒளிபரப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அக்காவைக் கிள்ளானுக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரச்சொன்னேன். அம்மா கோழிக்கறி வைத்திருந்தார், பக்கத்து வீட்டு ஆன்டியும் வந்திருந்தார். விருந்தாளி யார் என்று நான் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். ஆனால் திரையில் குரல் கேட்டதும் அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

"கேட்டைத் திறக்க மாட்டேங்குறா பாரு" என்றார் அம்மா. "நெஞ்சு கல்லா இவளுக்கு?"

"திறந்தா உள்ள இருக்கிறவன் செத்துருவான்" என்றார் அப்பா. "தண்ணி அவ்வளவுதான் இருக்கு."

"வெளிய இருக்கிறவன் மனுசன் இல்லையா?"

"அப்ப அந்த ஆற்றுக்காரன்கிட்ட போ. தண்ணி குடுப்பான், உன் மகளைக் கூட்டிட்டுப் போயிருவான்."

"என் மகளை எவன் கூட்டிட்டுப் போவான்? அவளே அவனை வேலைக்கு வச்சிருவா" என்றார் அம்மா.

பக்கத்து வீட்டு ஆன்டி அக்காவின் பக்கம் திரும்பி, நேராகவே கேட்டார். "ஏங்க, ஒரு பத்துப் பேரையாவது உள்ள விட்டிருக்கலாம்ல?"

அக்கா தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "எந்தப் பத்துப் பேருன்னு யாரு சொல்றது?"

"அதுக்குத்தானே நீங்க தலைவி."

"அதனாலதாங்க திறக்கல."

ஆன்டிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அப்பாவுக்குப் பிடித்தது. இருவரும் அக்காவை நடுவில் வைத்துக்கொண்டு வாதாடினார்கள், கறி ஆறியது. பிறகு முகம் கழுவுகிற காட்சி வந்தது. அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டி, பக்கத்தில் இருந்த அக்காவின் முழங்காலை இரண்டு தடவை தட்டிக்கொடுத்தார். "செஞ்சது தப்புதான்" என்றார் பிறகு. "அழட்டும், பாவம்."

அக்கா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் கை கழுவப் போகும்போது அவர் வீட்டுக்காரரிடம் பேசுவது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"ஆமாங்க, பார்த்தாங்க. இல்லங்க, எல்லாரும் திட்டல." அடக்க முடியாமல் சிரித்தார். "பாதிப் பேருதான்."